நால்வர் செய்த இசை

மேனாட்டு 'றொக்' இசை என்றதும் நம்மிற் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம். காதைப் பிளக்கும் பேரொலியும், தலையை விரித்துக்கொண்டு ஆடும் இளைஞர் கூட்டமுமே அவ்விசையின் முழு வடிவம் என்ற எண்ணம் நம் ஆசிரியர் உலகிலும் இலக்கிய வட்டங்களிலும் ஆழ வேரூன்றியிருக்கிறது. நானும் நெடுங்காலம் அவ்வெண்ணம் உடையவனாகவே இருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் கல்வி பயின்ற ஒருவர் கொண்டுவந்து தந்த திரைப்படம் ஒன்றே என்னை மாற்றியது. "சேர், இதை ஒருமுறை முழுதும் பாருங்கள். பிறகு உங்கள் கண்டனத்தைக் கேட்கிறேன்" என்றார் அவர். கண்டிப்பதற்காகவே பார்க்கத் தொடங்கினேன். ஒரு கிழமைக்குள் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

படம் தொடங்கும்போது மேடை வெறுமையாகக் கிடக்கிறது. திரைச்சீலைகள் இல்லை, அலங்கார விளக்குகள் இல்லை, பின்சுவரும் ஏணிகளும் அப்படியே தெரிகின்றன. வெளிர்நிற உடையணிந்த மெலிந்த மனிதர் ஒருவர், ஒரு கையில் கிற்றாரும் மறு கையில் ஒலிநாடாப் பெட்டியுமாக நடந்து வருகிறார். பெட்டியைத் தரையில் வைத்து இயக்கிவிட்டுத் தனியே பாடுகிறார். இரண்டாம் பாட்டுக்குப் பெண்ணொருவர் பேஸ் கிற்றாருடன் வந்து அவர் அருகில் நிற்கிறார். கருப்புடை தரித்த பணியாளர்கள் சக்கரம் பூட்டிய மேடையொன்றைத் தள்ளி வருகிறார்கள். அதன்மேல் தாள வாத்தியங்கள். மூன்றாம் பாட்டுக்குத் தாளக்காரர் அமர்கிறார். நான்காம் பாட்டுக்கு இன்னுமொருவர். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராக வந்து, ஆறாம் பாட்டில் ஒன்பதின்மர் மேடையை நிறைத்துவிடுகிறார்கள். ஒவ்வொருவர் வந்து சேருந்தோறும் இசையிற் புதிதாக என்ன கூடியது என்பதைச் சங்கீதம் அறியாதவன்கூடச் செவியாற் பிரித்தறிய முடிகிறது. ஒரு கூட்டுக்கலை எவ்வாறு உருவாகின்றது என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக விளக்கும் பாடம் ஒன்றை நான் கண்டதில்லை.

1984ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தின் பெயர் 'ஸ்டொப் மேக்கிங் சென்ஸ்'. இயக்கியவர் ஜொனதன் டெமி. பாடிய குழுவின் பெயர் 'டோக்கிங் ஹெட்ஸ்', அதாவது 'பேசும் தலைகள்'. ஒருவரோடு ஒருவர் கூடுவதன் இன்பத்தை இவ்வளவு அழகாகக் காட்டிய அதே குழு, படப்பிடிப்புக்குப் பின்னர் இரண்டொரு மாதங்களில் சுற்றுப்பயணங்களை அடியோடு நிறுத்திவிட்டது. எட்டாண்டுகளுக்குள் கலைந்தும் போயிற்று. இது ஏன் நேர்ந்தது? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றபோது நான் அறிந்தவற்றையே இங்கு எழுதத் துணிகிறேன்.

கலைக்கல்லூரி மாணவர்

குழுவின் மூலவர் மூவர். டேவிட் பேர்ண் 1952இல் ஸ்கொத்லாந்திற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் கனடாவுக்கும், பின்னர் அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்துக்கும் குடிபெயர்ந்தவர். கிறிஸ் பிராண்ட்ஸ் அமெரிக்கத் தரைப்படை அதிகாரி ஒருவரின் மகன். டீனா வெய்மத் கடற்படை அதிகாரி ஒருவரின் மகள். மூவரையும் ஒன்றுசேர்த்தது றோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள புகழ்பெற்ற ஓவிய, வடிவமைப்புக் கல்லூரி. பேர்ண் அங்கே ஓராண்டளவே பயின்றவர். ஆயினும் அவரும் பிராண்ட்ஸும் சேர்ந்து மாணவர் இசைக்குழு ஒன்றை நடத்தினர். ஓவியம் பயின்ற டீனா அப்போது வெறும் ரசிகையே.

படிப்பு முடிந்ததும் மூவரும் நியூயோர்க் சென்றனர். அந்நகர் அக்காலத்தில் இன்று நாம் கேள்விப்படும் செல்வ நகர் அன்று. 1975இல் நகராட்சியே கடனில் மூழ்கி, வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற பழைய மாடிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அத்தகைய மாடியொன்றிற் குறைந்த வாடகைக்கு மூவரும் குடியேறினர். நகரின் வறுமை ஏழைக் கலைஞருக்கு வாய்ப்பாயிற்று என்பது விந்தையே ஆயினும் உண்மை. பிற்காலத்தில் அப்பகுதியின் வாடகை வானளாவ உயர்ந்ததும், அங்கே இளங்கலைஞர் வாழ இடமின்றிப் போனதும் வேறு கதை.

பேஸ் கிற்றார் வாசிக்க ஆள் தேடினார்கள். தகுந்தவர் எவரும் கிடைக்கவில்லை. ஆகவே டீனாவே அதைக் கற்கத் தொடங்கினார். றொக் இசைக்குழுக்களிற் பெண்ணென்றால் பாடுபவள் என்பதே அன்றைய வழக்கம். மேடையின் ஓரத்தில் நின்று இசையின் அடித்தளத்தைத் தாங்கும் பணியைப் பெண்ணொருவர் ஏற்றது அரிதிலும் அரிது. அவரது வாசிப்பில் ஆரவாரம் இராது. சில சுரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை உரிய இடத்தில் வைப்பார். இடையிடையே மௌனத்துக்கும் இடம் விடுவார். அக்குழுவின் எந்தப் பாட்டைக் கேட்டாலும் நம் உடல் முதலில் இசைந்து கொடுப்பது அந்தப் பேஸ் கிற்றாருக்குத்தான்.

குழுவின் பெயர் தொலைக்காட்சித் துறையிலிருந்து வந்தது. தோளும் தலையும் மட்டும் தெரிய ஒருவர் அமர்ந்து பேசிக்கொண்டேயிருக்கும் காட்சியை அத்துறையினர் 'பேசும் தலை' என்பர். பேச்சு உண்டு, செயல் இல்லை என்பது அதன் குறிப்பு. தம்மைத் தாமே நகையாடிக்கொள்ளும் இப்பெயரே அவர்களின் போக்கை உணர்த்தப் போதுமானது.

1975 ஜூன் மாதத்தில் அவர்கள் முதன்முதலாக மேடையேறினர். இடம், பவரி என்னும் தெருவில் ஹில்லி கிறிஸ்டல் நடத்திய 'சிபிஜிபி' என்ற சிறு மதுக்கூடம். வீடற்றோரும் குடிகாரரும் ஒதுங்கும் தெரு அது. அன்று அவர்கள் 'றமோன்ஸ்' என்ற குழுவுக்கு முன்னோடியாகப் பாடினர். றமோன்ஸ் குழுவினர் தோலுடுப்பும் கிழிந்த காற்சட்டையும் அணிந்து, புயல் வேகத்திற் பாடுபவர்கள். அவர்களுக்குமுன் வந்து நின்ற இம்மூவரோ, அலுவலகத்துக்குப் புறப்பட்ட எழுதுவினைஞர்போலச் சீராகத் தலைவாரிச் சட்டை அணிந்திருந்தனர். பேர்ணின் குரல் இனிமையானதன்று. தொண்டை இறுகி, எந்நேரமும் உடைந்துவிடுமோ என்று அஞ்சவைக்கும் குரல். அவர் பாடியதும் காதலைப் பற்றியன்று. கட்டடங்கள், தொழில், அரசாங்க அலுவலர், நகர வாழ்வின் பதற்றம் ஆகியவற்றைப் பற்றி. சாதாரணமான பொருள்களை முதன்முறையாகக் காண்பவன்போல் வியந்து நோக்கும் கண் அவருக்கு வாய்த்திருந்தது. இது கவிஞனுக்குரிய கண் என்பதை நம் வாசகர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1977இல் ஜெரி ஹரிசன் நான்காமவராக இணைந்தார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்ற இவர், 'மொடேர்ன் லவர்ஸ்' என்ற குழுவில் முன்னரே பழகியவர். கிற்றாரும் சுரப்பலகை வாத்தியங்களும் கைவந்தவர். இவரது வரவால் இசை தசைப்பிடிப்புப் பெற்றது.

புதிய அலை

'புதிய அலை' என்ற பெயரைப் பற்றி இங்குச் சிறிது கூறல் தகும். அக்காலத்தில் எழுந்த முரட்டு இசைக்குப் 'பங்க்' என்று பெயர் வழங்கிற்று. அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே அமெரிக்க வானொலி நிலையத்தார் கதவைச் சாத்தினர். ஆகவே இசைத்தட்டு வணிகர்கள், பிரெஞ்சுத் திரைப்பட இயக்கத்தை நினைவூட்டும் 'புதிய அலை' என்ற மதிப்பான பெயரைப் பெரிதும் விரும்பினர். 'சயர்' நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன் இவருள் முதன்மையானவர். பெயரை வணிகர் பரப்பினாலும் பொருள் பொய்யாகவில்லை. பழைய றொக் இசையின் ஆடம்பரத்தை வெறுத்ததில் இவர்கள் பங்க் இசையினரோடு ஒத்தனர்; ஆனால் சிந்தனையையும் நகைச்சுவையையும், பிற கலைகளோடு கொண்ட உறவையும் கைவிடாமையில் வேறுபட்டனர்.

சயர் நிறுவனத்தின்மூலம் 1977 செப்டெம்பரில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதிலுள்ள 'சைக்கோ கில்லர்' என்னும் பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 92ஆம் இடத்துக்குமேற் செல்லவில்லை. ஆயினும் அக்குழுவை நினைப்போர் இன்றும் முதலில் நினைப்பது அப்பாட்டையே.

அதே ஆண்டில் லண்டன் நகரில் அவர்கள் சந்தித்த ஒருவர் அவர்களின் போக்கை மாற்றினார். அவர் பிறையன் ஈனோ. ஒலிப்பதிவுக்கூடத்தையே ஒரு வாத்தியமாகக் கருதிய ஆங்கிலேயர். அவர் மேற்பார்வையில் அடுத்தடுத்து மூன்று இசைத்தட்டுகள் உருவாயின. 1978இல் வெளிவந்த முதலாவதில், கறுப்பினப் பாடகர் அல் கிறீனின் பாட்டொன்றைத் தம் பாணியில் மெதுவாகப் பாடினர். அது 26ஆம் இடத்தை எட்டியது. பரந்த அமெரிக்க மக்களுக்கு அவர்களை அறிமுகஞ்செய்தது அவர்கள் சொந்தமாக இயற்றிய பாட்டன்று. கறுப்பினக் கலைஞர் ஒருவரின் படைப்பே. இதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

1979இல் வந்த 'பியர் ஒஃப் மியூசிக்' என்ற இசைத்தட்டின் முதற்பாட்டு இலக்கிய மாணவர்க்குச் சுவை தரும். 1916இல் சூரிச் நகரில் ஹூகோ பால் என்ற 'டாடா' இயக்கக் கவிஞர், பொருளற்ற ஒலிகளால் மட்டுமே ஆன கவிதைகளை அரங்கேற்றினார். உலகப் போரின் கொடுமையைக் கண்டு, பொய்யுரைத்த மொழியையே துறந்த செயல் அது. அவற்றுள் ஒன்றை எடுத்து ஆபிரிக்கத் தாளத்தின்மேற் பேர்ண் பாடினார். பாட்டாசிரியர் வரிசையில், 1927இலேயே மறைந்துவிட்ட ஹூகோ பாலின் பெயரும் முறையாகப் பொறிக்கப்பட்டது.

ஒளியில் நிலைத்தது

1980ஆம் ஆண்டுக் கோடையில் பஹாமாஸ் தீவிலுள்ள ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் நால்வரும் ஈனோவும் கூடினர். இம்முறை பாட்டெழுதிக்கொண்டு எவரும் வரவில்லை. அதுவரை பேர்ண் கொண்டுவரும் பாட்டுக்கு மற்றையோர் வாசிப்பது வழக்கம். இப்போது நால்வரும் கூடி அமர்ந்து, ஒரே சுருதியில் நின்று, சிறு சிறு தாளக் கோவைகளைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். அவற்றுள் நல்லனவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். சொற்கள் கடைசியில்தான் வந்தன.

இம்முறைக்கு அவர்கள் கடன்பட்டது ஆபிரிக்காவுக்கு. சிறப்பாக, நைஜீரிய நாட்டின் பெலா குட்டிக்கு. மேற்காபிரிக்கத் தாளமரபில் ஒரு முழவுக்கென்று தனியே நிறைவு கிடையாது. ஒன்று விட்ட இடைவெளியில் மற்றொன்று ஒலிக்கும். ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்டால் துண்டு துணுக்காகத் தோன்றும். சேர்த்துக் கேட்டாலே அவற்றின் உயிர் புலப்படும். ஒருவன் எவ்வளவு வல்லவனாயினும் பிறர்க்கு இடம் விடாவிட்டால் அங்கே இசை நிகழாது. ஜோன் மில்லர் செர்னோவ் என்ற அறிஞர் ஆபிரிக்கத் தாளம் பற்றி 1979இல் வெளியிட்ட நூலை அவர்கள் ஊன்றிப் படித்தனர். இசைத்தட்டைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியபோது, தாம் கற்ற நூல்களின் பட்டியலையும் உடன் அனுப்பினர். ஓர் இசைக்குழு உசாத்துணைப் பட்டியல் வெளியிட்ட செய்தி நம் பல்கலைக்கழக மாணவர்க்கு இனிக்கும் என நம்புகிறேன்.

1980 ஒக்டோபரில் 'றிமெயின் இன் லைற்' வெளிவந்தது. 'ஒளியில் நிலைத்திரு' என்பது பொருள். அதன் நடுநாயகமான 'வன்ஸ் இன் எ லைவ்ரைம்' என்ற பாட்டு, வானொலியிற் சமயப் பிரசங்கிகள் முழங்கும் பாணியைத் தழுவியது. வீடும் வாகனமும் மனைவியும் வாய்க்கப்பெற்ற நடுவயதினன் ஒருவன், ஒருநாள் திடுக்கிட்டு, தான் இங்கே வந்து சேர்ந்தது எவ்வாறு என்று தன்னையே வினவும் நிலை அதன் பொருள். பிரித்தானியாவில் 14ஆம் இடம் பெற்ற அப்பாட்டு, அமெரிக்காவில் அப்போது முதல் நூறுக்குள்ளும் வரவில்லை. காலத்தின் தீர்ப்பு வேறாயிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்த இசைத்தட்டைப் பாதுகாக்கப்பட வேண்டிய நாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக 2017இல் அறிவித்தது.

இனி, உறையைப் பாருங்கள். டீனாவும் பிராண்ட்ஸும் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து ஆய்வாளருடன் கூடிக் கணினியால் உருவாக்கிய படம் அது. நால்வர் முகங்களும் செந்நிறப் பூச்சால் மறைக்கப்பட்டிருக்கின்றன. யார் எவர் என்று எளிதில் அறிய இயலாது. தனிமுகம் அழிந்து கூட்டுமுகம் தோன்றிய இசைக்கு இதனினும் பொருத்தமான முகப்பு இல்லை.

முகங்களை மறைப்பது எளிதாயிற்று. பெயர்களை என்ன செய்வது? பாட்டாக்கியோர் பெயர் அகர வரிசையில் அமையும் என்பதே உடன்பாடு எனப் பிராண்ட்ஸ் பின்னர் கூறினார். அச்சாகி வந்தபோதோ பேர்ண், ஈனோ என்ற இரு பெயர்கள் தனித்து முன்னின்றன. மற்றையோர் குழுவின் பெயருக்குள் அடங்கிப்போயினர். பிற்காலப் பதிப்புகளில் ஐவர் பெயரும் தனித்தனியே இடம்பெற்றன. ஆனால் புண் ஆறவில்லை. அவ்விசையின் தத்துவமே எவரும் தனித்து நிற்கலாகாது என்பது. அத்தத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்த அட்டையிலேயே அது மீறப்பட்டது.

இதனை வாசித்தபோது என் நெஞ்சு என்னைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன் பாடசாலை மேடைக்கு ஒரு நாடகம் தயாரித்தேன். எழுதியவரும் தயாரித்தவரும் நானே என்று நிகழ்ச்சி நிரலிற் பெரிய எழுத்தில் அச்சிடுவித்தேன். பாடல்களுக்கு மெட்டமைத்தவனும், ஒத்திகைகளில் என் வசனங்களை ஓசையறிந்து திருத்தித் தந்தவனும் ஒரே மாணவன். அவன் பெயர் அதில் இல்லை. நான் வேண்டுமென்று விடவில்லை. எனக்கு அது தோன்றவேயில்லை. அவனும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நாடகத்துக்கு அவன் வரவில்லை, அவ்வளவுதான். பேர்ணைக் குறைகூற எனக்குள்ள தகுதி எவ்வளவு என்பதை வாசகர் அறிவதற்காகவே இதனைச் சொன்னேன்.

பிரிந்து செய்தவை

அந்த இசைத்தட்டின் இசையை நால்வர் மட்டும் மேடையில் வாசித்தல் இயலாததாயிற்று. ஆகவே கறுப்பினக் கலைஞர் பலரைச் சேர்த்துக்கொண்டு ஒன்பது பேராகினர். 1980 ஓகஸ்டில் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் நடந்த பெருவிழாவில் இக்கூட்டணி முதன்முறை மேடையேறியது. 'பார்லமென்ற் பங்கடெலிக்' கூட்டத்தில் வாசித்துப் புகழ்பெற்ற பேர்னி வொறல் அவர்களுள் ஒருவர்.

அடுத்த ஆண்டு ஒவ்வொருவரும் தனிவழி சென்றனர். பேர்ணும் ஈனோவும் சேர்ந்து, நைஜீரிய நாவலாசிரியர் ஏமஸ் டுட்டுவோலாவின் 1954ஆம் ஆண்டு நூலொன்றின் பெயரையே தலைப்பாகச் சூட்டி ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். வானொலியிலிருந்தும் பிற பதிவுகளிலிருந்தும் எடுத்த அயலார் குரல்களைத் தம் இசையோடு பிணைத்த புதுமுயற்சி அது. அதில் ஒரு பகுதியில் குர்ஆன் ஓதும் குரல் இணைக்கப்பட்டிருந்தது. முஸ்லிம்கள் ஆட்சேபித்ததும் பின்வந்த பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. பிறருடைய குரலை எடுத்தாளும் உரிமை எம்மட்டு என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

டீனாவும் பிராண்ட்ஸும் (இவர்கள் 1977இல் மணம் புரிந்துகொண்டவர்கள்) 'டொம் டொம் கிளப்' என்ற பெயரில் டீனாவின் சகோதரியரையும் சேர்த்துப் பாடினர். விளையாட்டுப்போல் அவர்கள் செய்த 'ஜீனியஸ் ஒஃப் லவ்' என்ற பாட்டு 31ஆம் இடத்தை எட்டியது. அப்பாட்டில் ஒரு சிறப்பு உண்டு. ஜேம்ஸ் பிறவுண், பொப் மார்லி முதலாகத் தாம் நேசித்த கறுப்பினக் கலைஞர்களைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். உசாத்துணைப் பட்டியல் பத்திரிகைக்காரரின் மேசைக்குப் போயிற்று. இந்தப் பெயர்களோ ஆடுகின்ற மக்களின் செவிக்கே போயின. கடனைச் செலுத்த இதனினும் மகிழ்ச்சியான வழி உண்டோ? 1995இல் மரையா கேரி அதன் இசையைத் தம் பாட்டொன்றுக்கு அடித்தளமாகக் கொண்டார்; அப்பாட்டு முதலிடம் பெற்றது.

மேடையில் ஒன்பதின்மர்

ஈனோ விலகியபின் நால்வரும் மீண்டும் கூடி, 1983இல் 'ஸ்பீக்கிங் இன் ரங்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். அதிலுள்ள ஒரு பாட்டு 9ஆம் இடம் பெற்றது. அமெரிக்கப் பட்டியலில் முதற் பத்துக்குள் அவர்கள் நுழைந்தது அந்த ஒருமுறைதான். அவ்வாண்டு டிசெம்பரில், ஹொலிவூட் பாண்டேஜஸ் அரங்கிற் சில இரவுகளில் நிகழ்ந்த கச்சேரிகளே நான் முதலிற் கூறிய திரைப்படமாயின. ஏறத்தாழ 12 இலட்சம் டொலர் செலவைக் குழுவினர் தாமே திரட்டினர்.

அப்படத்திற் பேர்ண் அணிந்து வரும் மாபெரும் உடை உலகப் புகழ் பெற்றது. ஜப்பானிய 'நோ' நாடகத்தின் அகன்ற உடையைக் கண்டு கற்பனை செய்தது அது. உடை பெரிதாகப் பெரிதாகத் தலை சிறிதாகத் தோன்றும். 'பேசும் தலை' என்ற பெயருக்கு மறுதலையாக உடல் பேசத் தொடங்கும். டெமியின் சிறப்போ, அவர் எதைச் செய்யவில்லை என்பதில் இருக்கிறது. ஏறக்குறைய இறுதிவரை அவர் கூட்டத்தினரைக் காட்டுவதில்லை. மகிழ்ச்சி அடையுமாறு நமக்கு எவரும் கட்டளையிடுவதில்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்துப் புன்னகைப்பதையும், வியர்வை வழிய ஓடுவதையும், பின்னணிப் பாடகியர் இருவரும் கிற்றார்க்காரரும் விளையாடுவதையும் கமரா பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவில் நிற்பவர் பேர்ண்; ஐயமில்லை. ஆயினும் அவரைச் சுற்றி நிற்பவர் எவரும் நிழல்கள் அல்லர்.

பிரிவு

1984 தொடக்கத்தோடு மேடை வாழ்வு முடிந்தது. இசைத்தட்டுகள் தொடர்ந்தன. 1985இல் வந்த 'லிற்றில் கிறீச்சர்ஸ்' அவர்களின் தட்டுகளுள் அதிகம் விற்பனையானது. பழைய முறைப்படி, பேர்ண் பாட்டெழுத மற்றையோர் வாசித்தனர். 1986இல் பேர்ண் தாமே ஒரு திரைப்படம் இயக்கினார். அதில் வரும் பாட்டொன்றின் தலைப்பைப் பின்னாளில் 'றேடியோஹெட்' என்னும் ஆங்கிலேயக் குழு தன் பெயராக்கிக்கொண்டது. 1988இல் பாரிஸ் நகரில் ஆபிரிக்கக் கலைஞருடன் கூடிச் செய்த 'நேக்கட்' கடைசி இசைத்தட்டாயிற்று.

1991 டிசெம்பரிற் குழு கலைந்த செய்தி வெளியாயிற்று. பேர்ண் விலகியதைப் பத்திரிகையிற் பார்த்தே அறிந்ததாகப் பிராண்ட்ஸ் கூறினார். பதினாறு ஆண்டுகள் ஒன்றாக உழைத்தவர்க்கு இவ்வாறு விடைகொடுப்பதா என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ? 1996இல் மற்றைய மூவரும் 'ஹெட்ஸ்' என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட முனைந்தபோது பேர்ண் நீதிமன்றம் சென்றார்; பின்னர் வழக்கு இணக்கமாக முடிந்தது. உறையிற் பெயர் வரிசையாகத் தொடங்கிய பூசல், பெயருக்கே உரிமை கோரும் வழக்காக முடிந்ததைக் காண்க.

பேர்ணின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. வார்த்தைகளும் குரலும் மேடைக் கற்பனையும் பெரும்பாலும் அவருடையவை. தனித்து வளர விரும்பும் கலைஞனைக் கயிறு கட்டி நிறுத்தல் இயலாது. பின்னாளில் அவர் எழுதிய 'ஹவ் மியூசிக் வேர்க்ஸ்' என்ற நூலும், மேடைக்கு ஆக்கித் தந்த 'அமெரிக்கன் யூட்டோப்பியா' என்ற நிகழ்ச்சியும் அவர் வளர்ச்சிக்குச் சான்று. அவர் போனது பிழையன்று. போன விதமே பிழை.

திரும்பிச் சென்ற இசை

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுதப் புகுந்திரேன். மேற்காபிரிக்காவின் பெனின் நாட்டிற் பிறந்த பாடகி ஆஞ்செலிக் கிஜோ, தம் நாட்டின் அடக்குமுறைக்கு அஞ்சி 1983இற் பாரிஸ் சென்றார். அங்கே இளைஞர் விருந்தொன்றில் 'வன்ஸ் இன் எ லைவ்ரைம்' ஒலிக்கக் கேட்டு, இஃது ஆபிரிக்க இசையன்றோ என்றார். இல்லை, இது றொக் என்று உடனிருந்தோர் மறுத்தனர் என அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறந்த வீட்டின் வாசனையை அறிந்தவள் சொல்லை அன்று ஒருவரும் ஏற்கவில்லை. 2018இல் கிஜோ, 'றிமெயின் இன் லைற்' இசைத்தட்டு முழுவதையும் தாமே மீண்டும் பாடி வெளியிட்டார். அதில் முழவு வாசித்தவருள் ஒருவர், பெலா குட்டிக்கு வாசித்த டோனி அலன். கடன் வாங்கியவர் பட்டியல் கொடுத்ததோடு நின்றார். கடன் கொடுத்த குடும்பத்தவள் வந்து, பொருளையே வீட்டுக்கு எடுத்துச்சென்றாள். ஆயினும் பகைமையோடன்று, பாடிக்கொண்டே சென்றாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்குமாறு மாணவர்களை வேண்டுகிறேன். ஒன்றில் இருக்கும் பதற்றம் மற்றொன்றிற் கொண்டாட்டமாக மாறியிருத்தலைக் காண்பீர்கள்.

நால்வரும் 2002இல் றொக் இசைப் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டபோது ஒரே இரவு சேர்ந்து வாசித்தனர். பின்னர் நெடுமௌனம். 2023 செப்டெம்பரில், புதுப்பிக்கப்பட்ட 'ஸ்டொப் மேக்கிங் சென்ஸ்' ரொறன்ரோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. டெமி அப்போது உயிருடன் இல்லை. பேர்னி வொறலும் இல்லை. நால்வரும் ஒரே வரிசையில் அமர்ந்து, இயக்குநர் ஸ்பைக் லீயின் வினாக்களுக்கு விடையிறுத்தனர். அவ்வாண்டிற் பேர்ண், இளமையில் தாம் உடன்பழக இனியவராக இருக்கவில்லை என்றும், முடிவு அழகற்றதாக அமைந்துவிட்டது என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எழுபது கடந்த மனிதர் இதைச் சொல்ல எத்தனை ஆண்டுகள் பிடித்தன! ஆயினும் சொன்னார்.

அன்றும் அவர்கள் சேர்ந்து வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டும் என்று நானும் விரும்பவில்லை. கூட்டுக்கலை கூடியிருக்கும்வரை எல்லார்க்கும் உரியது. கலைந்தபின் அதன் கணக்கை எழுதும்போதுதான் மனிதர் சிறியராகிவிடுகின்றனர். கலையின் உயரத்துக்கு மனிதரும் உயர வேண்டுமாயின், செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. யார் யார் செய்தார்களோ அவர்கள் பெயரை எழுத வேண்டும். அதையும் காலத்தோடு எழுத வேண்டும்.

அந்தப் பழைய நிகழ்ச்சி நிரலின் பிரதியொன்று இன்றும் என் மேசைப் பெட்டியிற் கிடக்கிறது. சென்ற கிழமை அதை எடுத்து, என் பெயருக்குக் கீழே விடுபட்ட பெயரைப் பேனாவால் எழுதிவைத்தேன். அதைப் பார்க்க இனி எவரும் வரப்போவதில்லை. அவன் இருக்கும் ஊரை விசாரித்து ஒரு கடிதம் எழுத வேண்டும்.